ஒத்தை மணி

– அதெல்லாம் சரிம்மா. ஆனா பின்னால வந்த வண்டிக்கு உன் கொழுந்தன் தானா ஒதுங்கினான்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன சொல்றே?

– யாரு ஐயா சொல்றாங்க? எண்ணெய்க் கடைக்காரர்தானே? அவருக்குத் தன் மச்சானை இந்த சிக்னல் கேபின்ல உட்கார வைக்கணும். அதுக்கு என் கொழுந்தனுக்குக் காது கேட்டாகணும். நல்லா இருக்கு கதை!

– யாரு சொன்னாங்கங்கிறதை விடு. ஒதுங்கினானா, இல்லையா?

– ஒதுங்கத்தான் செஞ்சான். காது போனவன்னா மரக்கட்டைன்னு நெனச்சீங்களா? பார வண்டி வந்தா தரை அதிருது. அவன் காலால கேக்குறான், கையால கேக்குறான். உங்களுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. இன்ஸ்பெக்டரா வந்த நாள்ல இருந்து நாங்க சொன்னதுல ஒண்ணாவது உங்களுக்குக் கேட்டிருக்கா?

– மெதுவாப் பேசும்மா.

– எதுக்கு? அவன் காதுல விழுந்துடும்னா? பாருங்க, முதுகைக் காட்டிக்கிட்டு விளக்குத் திரி வெட்டிக்கிட்டு இருக்கான். நீங்க படியேறி வந்ததே அவனுக்கு இன்னும் தெரியாது.

– கூப்பிடு.

– கூப்பிட்டா வர்ற ஆளா இருந்தா உங்களுக்கு இங்க என்ன வேலை? இருங்க, காலால பலகையைத் தட்டறேன். ம்... பாத்தீங்களா, திரும்பிட்டான்.

– வணக்கம் ஐயா! எப்ப வந்தீங்க? பாக்கவே இல்லையே!

– ஏம்மா இப்படிக் கத்துறான்?

– தன் குரல் தனக்கே கேக்கலைன்னா நீங்களும் அப்படித்தான் கத்துவீங்க.

– அண்ணி! சிலேட்டை எடுங்க! ஐயா என்ன கேக்குறாரு?

– இரு தம்பி, எழுதறேன். 'டீ... போடு... மூணு... பேருக்கு.' இந்தா, படிச்சுக்கோ.

– சரிங்க அண்ணி! சர்க்கரை கொஞ்சம்தான் கிடக்கு! ஐயாவுக்குப் போட்டுட்டு நாம வெறுமனே குடிச்சுக்கலாம்!

– கேட்டீங்களா ஐயா? எங்க வீட்டுல ரகசியமே நிக்காது. அக்கம்பக்கம் எல்லாருக்கும் எங்க சர்க்கரை டப்பா அத்துப்படி.

– நான் சிரிக்க வரல. சொல்றதைக் கேளும்மா. சண்டை முடிஞ்சு ஆம்பளைங்க திரும்பி வந்தாச்சு. இப்ப சட்டம் என்ன? வீட்டுக்கு ஒரு வேலை. வீட்டுல வேலைக்கு லாயக்கான ஆம்பளை இருந்தா அது அவனுக்கு. இவனுக்குக் காது கேக்காதுங்கிற ஒரே காரணத்தாலதான் நீ இன்னும் இந்த லீவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே.

– தெரியும் ஐயா. கேபின் கேபினா பொம்பளைங்க எல்லாரையும் இறக்கி விட்டீங்க. இந்த லைன்ல மிச்சம் நான் ஒருத்திதான்.

– இவனுக்குக் காது கேக்குதுன்னு வை. அப்ப இவன் களத்துல இருந்து பொய் சொல்லித் தப்பிச்சு வந்தவன். அவனுக்கு ஜெயில், உனக்கு வீட்டு அடுப்படி.

– கேபினுக்கு எண்ணெய்க் கடை மச்சான்.

– யாரோ ஒருத்தன் வருவான். அது என் கையில இல்ல.

– உங்க கையில எதுதான் ஐயா இருந்துச்சு? என்னை இந்தக் கேபின்ல ஏத்தினப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'தேசமே உன் கையில இருக்கு தாயீ'ன்னு சொன்னீங்க. தேசம் என் கையில இருந்துச்சு, உங்க கையில எப்பவும் ஒண்ணும் இல்ல.

– நாக்கு நீளம் உனக்கு.

– நாக்கு நீளமா இருக்கறதாலதான் சம்பளம் சரிசமமா வந்துச்சு. முதல்ல ஆம்பளைக்குக் கொடுத்ததுல பாதிதானே கொடுத்தீங்க? மூணு கேபினும் சேர்ந்து லீவர்ல இருந்து கையை எடுத்துட்டு நின்னோம். படை வண்டி வெளிய நின்னு ஊதுது, ஊதுது, ஊதிக்கிட்டே இருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே முழுச் சம்பளம்னு நீங்கதானே ஓடி வந்து சொன்னீங்க? வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க, பாவம்.

– அன்னைக்கு உங்களை எல்லாம் உள்ள தள்ளச் சொன்னாங்க மேல. நான்தான் பேசிச் சமாளிச்சேன்.

– அந்த நன்றி எனக்கு உண்டு ஐயா. இல்லேன்னு சொல்லல. இருங்க, மணி அடிக்குது. மேல் கேபின். சரக்கு வண்டி விடறான்.

– அண்ணி! மணி!

– ஆமா தம்பி, ஆமா. கையைக் காட்டினேன் பாரு, எனக்குக் கேட்டுடுச்சு.

– எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு? ம்? அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– அவன் இடது கை எங்க இருக்கு பாருங்க. மணிப் பலகையில இருந்து வர்ற மரச் சட்டத்து மேல. மணி அடிச்சா கட்டை துடிக்கும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஒரு நிமிஷம் கண்ணசந்தாலும் அவன் கை அசராது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லீவர் திரும்பி வந்தா முட்டியைப் பேத்துடும். ம்ம்... ஹப்பா. சிக்னல் கை கீழ இறங்கிடுச்சு. போகட்டும் வண்டி.

– பழைய இரும்பு. ஆம்பளைக்கே தோள் கழண்டுடும்.

– எனக்கும் கழண்டுச்சு. முதல் குளிர்காலத்துல. கட்டிக்கிட்டு வந்து நின்னேன். அந்தத் தோளைத்தானே படம் எழுதி ஸ்டேஷன் சுவர் முழுக்க ஒட்டினீங்க?

– அது மேலிடத்து ஏற்பாடு.

– இப்ப அதே சுவர்ல, என் மூஞ்சி மேலயே, வேற படம் ஒட்டியிருக்காங்க. ஒரு அம்மா, இடுப்புல ஒரு குழந்தை, அடுப்புல ஒரு பாத்திரம். பசை சரியா ஒட்டல போல. மழையில ஒரு மூலை உரிஞ்சு என் ஒரு கண்ணு மட்டும் வெளிய தெரியுது. போற வர்றப்ப எல்லாம் அது என்னையே முறைச்சுப் பாக்குது.

– எல்லாருக்கும் கஷ்டம்தான். வந்த ஆம்பளைங்களுக்கு வேலை வேணாமா? அவங்க ரத்தம் சிந்திட்டு வந்திருக்காங்க.

– வேணாம்னா சொன்னேன்? கீழ பிள்ளைங்களைப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு அறை திறந்தீங்களே, அதுல இப்ப என்ன இருக்கு? எண்ணெய் பீப்பா. அந்தப் பீப்பாவுமா சண்டையில இருந்து திரும்பி வந்துச்சு?

– உன் பொண்ணு வளந்துட்டாளே, உனக்கு எதுக்கு அந்த அறை?

– வளந்துட்டா. எஞ்சின் பள்ளிக்கூடத்துல படிக்கிறா. பசங்க சண்டைக்குப் போய் பெஞ்சு காலியாக் கிடந்ததால பொண்ணுங்களை உட்கார வச்சாங்க. இப்ப பெஞ்சு திரும்ப வேணுமாம். கட்டணம் கட்ட முடியாதவளா பாத்து முதல்ல எழுப்பறாங்க. என் சம்பளம் இருக்கற வரைக்கும் அவளை எழுப்ப முடியாது. அவ்வளவுதான் ஐயா என் கதை. இந்த லீவரை விட்டா அவ பெஞ்சை விடணும். வேற எதுக்கும் நான் உங்ககிட்ட வாயாடல.

– ஐயா! டீ! சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க!

– ம். வை, வை.

– தலையை ஆட்டுங்க ஐயா, வாயால சொன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?

– ஆட்டிட்டேன். போகச் சொல்லு அவனை. சொல்றதைக் கேளும்மா, இன்னொரு புகார். கீழ் கேபின்காரன் சொல்றான். தினமும் உன் வேலை முடியற நேரத்துல ஒரு மணி கூடுதலா வருதாம். ஒரே ஒரு தட்டு. விதிப் புத்தகத்துல அப்படி ஒரு மணியே இல்ல. வண்டிக்கா, வழி மறிக்கவா, எதுக்குன்னு தெரியாம அவன் முழிக்கிறான்.

– முழிக்கட்டும். அதுக்குப் பேரு ஒத்தை மணி.

– யாரு வச்ச பேரு?

– உங்க பொண்ணு.

– என்ன?

– கீழ் கேபின்ல சண்டை முடியற வரைக்கும் இருந்தது யாரு? உங்க பொண்ணுதானே? அவ கண்டுபிடிச்சதுதான். குண்டு போட ஆரம்பிச்சப்ப ஒருத்தி இருக்கிறது ஒருத்திக்குத் தெரியாது. அதனால வேலை முடியறப்ப ஒரு தட்டு. 'நான் இருக்கேன், நீ இருக்கியா?'ன்னு. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தட்டு திரும்பி வரும். 'இருக்கேன்.' அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டுத்தான் நாங்க படி இறங்குவோம்.

– அவ என்கிட்ட சொல்லவே இல்லையே.

– பழைய மேல் கேபின்ல நெட்டைன்னு ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் அவ பதில் மணி கொடுக்கல. காலையில என்கிட்ட ஏதோ சில்லறைச் சண்டை போட்டா, அந்தக் கோவம்னு நெனச்சுக்கிட்டேன். சரிதான் போடின்னு நானும் வீம்பா உக்காந்திருந்தேன். அப்புறம்தான் ஜன்னல் பக்கம் பாத்தேன். மேல் கேபின் இருந்த இடத்துல புகை.

– ...ஞாபகம் இருக்கு. நான்தான் போய் எடுத்தேன் அவளை.

– அதனாலதான் நான் இன்னும் கொடுக்கறேன். இப்ப இருக்கற பையன் பதில் கொடுக்க மாட்டான். தெரிஞ்சுதான் கொடுக்கறேன்.

– என் பொண்ணையும் நான்தான் இறக்கினேன். சட்டம் வந்தப்ப முதல் ஆளா அவளைத்தான் இறக்கினேன். இன்ஸ்பெக்டர் வீட்டுல மட்டும் ரெண்டு சம்பளமான்னு ஊர் பேசக் கூடாதுன்னு. அவ என்கூடப் பேசி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? சாப்பாட்டுத் தட்டை வைப்பா, எடுப்பா. வீட்டுல ஒரு செவிட்டு ஊமை மாதிரி நடமாடுறா. அப்படி இருக்கறப்ப, இங்க ஒருத்தன் செவிடன்னு நடிச்சு நீ மட்டும் உக்காந்திருக்கேன்னு காதுக்கு வந்தா எனக்கு எப்படி இருக்கும்?

– நடிக்கிறானா? வாயில வரக் கூடாத பேச்சு ஐயா அது! என் வீட்டுக்காரர் மேல விழுந்த பீரங்கிச் செல்லுதான் இவன் காதையும் கொண்டு போச்சு. சாகுறப்ப அவர் தலை இவன் மடியில. என் பேரையும் குழந்தை பேரையும் சொன்னாராம். இவன் வந்து சிலேட்டுல எழுதிக் காட்டினப்ப எழுத்து எல்லாம் கோணல் மாணலா இருந்துச்சு. இந்தச் சிலேட்டுதான் அது.

– கோவிச்சுக்காதே.

– கோவிக்காம? நானும் எத்தனையோ சகிச்சிருக்கேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்து இங்க குடியிருந்த ஆளுங்களை எல்லாம் ஏத்தி அடைச்சு ஒரு வண்டி அனுப்பினீங்களே, கதவுக்கு ஆணி அடிச்ச வண்டி? அதுக்குப் பச்சை கொடுத்தது இந்தக் கைதான். எங்க தெருவுல செருப்புத் தைச்ச பெரியவரும் அவர் சம்சாரமும் அதுல இருந்தாங்க. என் பொண்ணோட முதல் செருப்பு அவர் தைச்சது. உத்தரவு வந்துச்சு, லீவரை இழுத்தேன். வண்டி போச்சு. யாரும் திரும்பி வரல.

– உத்தரவு வந்தா உன் கை என்னம்மா செய்யும்?

– அப்படித்தான் நானும் எனக்கே சொல்லிக்கறேன். சில நாள் கேக்குது, சில நாள் கேக்கல. இதே கைக்குத்தான் முழுச் சம்பளமும் கொடுத்தாங்க, ஓட்டுப் போடற உரிமையும் கொடுத்தாங்க, அந்த வண்டியையும் கொடுத்தாங்க. இது வேணும் அது வேணாம்னு சொல்ற இடத்துல யாரு வச்சிருந்தா?

– போதும்மா. நேரம் ஆகுது. நான் இதை முடிச்சாகணும். பட்டாளத்து டாக்டருங்க இவன் காதுகிட்ட துப்பாக்கி வெடிச்சுப் பாத்தாங்களாம். அசையலையாம். எனக்கு அதுல திருப்தி இல்ல. வெடிச் சத்தத்துலயே கிடந்தவன் வெடிக்கு அசைய மாட்டான். அசையறதுக்கு வேற ஒண்ணு வேணும்.

– என்ன செய்யப் போறீங்க?

– ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பேசப் போறேன். அவன் அப்படியே திரி வெட்டிக்கிட்டு இருக்கட்டும். நீ லீவர் பக்கம் திரும்பி நில்லு. அந்த விளக்குக் கண்ணாடியில அவன் முகம் எனக்கு நல்லாத் தெரியுது. நான் என்ன சொன்னாலும் நீ அவன் பக்கம் ஓடக் கூடாது.

– பேசுங்க. நாள் பூரா பேசுங்க. எனக்கென்ன பயம்?

– உன் வீட்டுக்காரன் செல் விழுந்து சாகல.

– என்ன?

– திரும்பாதே. அவனும் இவனும் ஒரே படை. ஆத்தங்கரைச் சண்டையில, விடியக்காலையில, உன் வீட்டுக்காரன் துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு வீட்டைப் பாத்து நடந்துட்டான். ஓடக் கூட இல்ல, நடந்தான். நம்ம ஆளுங்களே பிடிச்சுக் கொண்டு வந்தாங்க.

– ஐயா, நிறுத்துங்க.

– ஓடினவனுக்கு என்ன தண்டனைன்னு உனக்குத் தெரியும். சுவரோரமா நிறுத்தினாங்க. சுடறதுக்கு அதே படையில இருந்து ஆள் பொறுக்கினாங்க. மத்தவனுக்குப் பாடமா இருக்கணும்னு. அந்த வரிசையில இவனும் நின்னான்.

– நிறுத்துங்கன்னு சொல்றேன்!

– மாட்டேன்னு சொன்னா அவனும் சுவரோரம். அதனால மாட்டேன்னு சொல்லல. துப்பாக்கியைத் தூக்கிப் பிடின்னாங்க, பிடிச்சான். சுடுன்னாங்க, சுட்டான். கூடப் பிறந்தவனை. மறுநாள்ல இருந்துதான் இவனுக்குக் காது கேக்கல.

– ஐயோ... ஐயா... உங்களுக்கு மனசாட்சியே இல்லையா...

– அழாதே. அங்க பாரு. இப்பத் திரும்பிப் பாரு.

– என்னத்தைப் பாக்க?

– கத்தரிக்கோல் நிக்கல. முகத்துல ஒரு சுருக்கம் விழல. திரியை ஒரே சீரா வெட்டிக்கிட்டு இருக்கான். எந்த மனுஷனாலயும் இதைக் கேட்டுக்கிட்டு அப்படி இருக்க முடியாது. போதும். இவன் செவிடன்தான். நான் போய் அப்படியே சொல்லிடறேன். உன் வேலைக்கு இனிமே ஆபத்து இல்ல.

– யாரு சொன்னாங்க உங்களுக்கு அதை?

– எதை?

– ஆத்தங்கரையில, துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு... யாராவது சொல்லாம இவ்வளவு விவரமா எப்படி வரும்?

– யாரும் சொல்லல. சோதிக்கறதுக்காக நானா கட்டினது.

– ஆத்தங்கரைன்னு சொன்னீங்களே! அவர் போனதும் ஆத்தங்கரைச் சண்டையிலதானே!

– எல்லாச் சண்டையும் ஏதோ ஒரு ஆத்தங்கரையிலதான்மா நடந்துச்சு. சொல்றதைக் கேளும்மா. பொய். முழுப் பொய். உன் வீட்டுக்காரன் தந்தியில வந்தபடி செல் விழுந்துதான் போனான். நான் செஞ்சது கொடுமைதான், மன்னிச்சுக்கோ.

– என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.

– பாத்துத்தானே சொல்றேன். இன்னொண்ணு. இந்தப் பேச்சை நீ வெளிய எங்கயும் எடுக்காதே. பொய்தான், ஆனா நாலு வாய் பேசினா நிஜமாயிடும். ஓடினவன் பொண்டாட்டிக்கு இந்த நாட்டுல வேலையும் இல்ல, அவன் பொண்ணுக்குப் பெஞ்சும் இல்ல. புரிஞ்சுதா? பொய்யாவே இருக்கட்டும்.

– புரிஞ்சுது ஐயா. பொய்தானே? ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு.

– தண்ணி குடி. நான் வர்றேன்.

– ஐயா! கிளம்பிட்டீங்களா? டீ நல்லா இருந்துச்சா?

– இருந்துச்சுப்பா, இருந்துச்சு. தலையை ஆட்டிட்டேன்மா, பாத்தே இல்ல? அப்புறம்... அந்தக் கூடுதல் மணி.

– இனிமே கொடுக்கக் கூடாதா?

– எனக்கும் கொஞ்சம் காது மந்தம்னு வச்சுக்கோ. நான் எதையும் கேள்விப்படல.

– ஐயா, உங்க பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க. நடுக் கேபின்காரி இன்னும் கொடுக்கறான்னு. வேற ஒண்ணும் பேச வேணாம். அதை மட்டும் சொல்லுங்க.

– பாக்கலாம். படி வழுக்குது, விளக்கு வைக்கச் சொல்லு அவனை.

– பாத்து இறங்குங்க... போயிட்டாரு. அப்பாடா. தம்பி, உன் அண்ணி பிழைச்சுட்டா. என் பொண்ணு பிழைச்சுட்டா. ஹும், உன்கிட்ட சொல்லி என்ன? சிலேட்டை எங்க வச்சேன்...

– அண்ணி! ஏன் கண்ணு சிவந்திருக்கு? ஐயா திட்டினாரா?

– இல்லடா, இல்ல. இரு, எழுதறேன். 'வேலை... போகல... நல்ல... சேதி.' படி.

– நல்லது அண்ணி! ரொம்ப நல்லது! நான் விளக்கு ஏத்திடறேன்!

– ஏத்து. போ. ...இப்படி முதுகைக் காட்டிக்கிட்டு நீ வேலை செய்யறப்பதான் எனக்கு உன்கூட நல்லாப் பேச வருது. என்ன பேச்சுப் பேசிட்டுப் போறாரு பாத்தியா அந்த மனுஷன்? நல்லவேளை, உன் காதுல விழல. விழுந்திருந்தா நீ அந்த இடத்துலயே செத்துருப்பே. எனக்கே நெஞ்சு வெடிச்சுடுச்சு. பொய்யாம். சோதிக்கறதுக்காம். யாராவது இப்படி சோதிப்பாங்களா?

– அண்ணி! எண்ணெய் போதும், நாளைக்கும் வரும்!

– சரி தம்பி, சரி. ...உனக்கு ஒண்ணு தெரியுமா? அவர் போனதுல இருந்து எனக்கு ஆறுதல்னா ஒண்ணே ஒண்ணுதான். தனியாப் போகல. கூடப் பிறந்தவன் மடியில போனாரு. கடைசியா அவர் பாத்த முகம் உன் முகம். அதை நெனச்சுத்தான் இந்த இரும்பை இழுக்கறேன், அதை நெனச்சுத்தான் தூங்கறேன். பொண்ணுகிட்டயும் அதைத்தான் சொல்லி வளத்திருக்கேன். உங்க சித்தப்பா கை உங்க அப்பாவைத் தாங்கின கைன்னு. இதை ஒரு நாளும் உன் முகத்தைப் பாத்துச் சொன்னதில்ல. சிலேட்டுல எழுதற விஷயமா இது? நீ எனக்குப் பெத்த பிள்ளை மாதிரிடா. நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன். ...ம், நேரம் ஆச்சு. கீழ் கேபினுக்கு ஒத்தை மணி கொடுக்கணும். கொடுத்துட்டேன். நான் இருக்கேன், நீ இருக்கியா? பாரு, பதில் இல்ல. தெரிஞ்ச விஷயம்தானே, பையன் கொடுக்க மாட்டான். இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்னு பாக்கறது ஒரு பழக்கம். யாராவது ஒருத்தர் 'இருக்கேன்'னு சொல்லிட மாட்டாங்களான்னு. ...என்ன தம்பி, ஏன் கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டே? ஏன் அப்படிப் பாக்குறே?

– இருக்கேன் அண்ணி... ஐயா சொன்னது பொய்யில்ல.